மெஷின் பெயரை விடுங்கள், பெல்ட் அளவைச் சொல்லுங்கள்

பெல்ட் கடையில் முதல் கேள்வியே "என்ன மெஷினுக்குங்க?" என்பதுதான். இதற்கு உள்ளபடி பதில் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். "அந்த மெஷினெல்லாம் இப்ப வர்றதில்லீங்களே" என்று கையை விரிப்பார்கள். இல்லாவிட்டால் கம்பெனி அட்டை சுற்றிய பெல்ட்டை எடுத்து மேசைமேல் வைத்து, வெளியில் விற்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை சொல்வார்கள். அட்டையைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் சாதாரண பி (B) செக்‌ஷன் வி பெல்ட்தான் இருக்கும். டிராக்டர் கம்பெனியோ மெஷின் கம்பெனியோ பெல்ட் செய்வதில்லை. பெல்ட் கம்பெனிக்காரன் செய்ததை வாங்கித் தன் நம்பரை ஒட்டித் தருகிறார்கள், அவ்வளவுதான்.

நான் பெரம்பலூர் பக்கம். மானாவாரி மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி, கிணறு சொன்னபடி கேட்கிற வருஷத்தில் சின்ன வெங்காயம். வீட்டில் இருக்கிற மெஷின் எல்லாமே கைமாறி வந்தவை. சோளம் அடிக்கிற மெஷின் ஒன்று, டிராக்டர் பிடிஓவில், அதாவது பின்பக்கம் சுழலும் தண்டில், ஓடுவது. அதைச் செய்த பட்டறையின் பெயர்த் தகடு எனக்கு வருவதற்கு முன்பே விழுந்துவிட்டது. மாட்டுக்குத் தட்டு வெட்டுகிற கட்டர் ஒன்று. அப்பா காலத்து ஆயில் இன்ஜின் ஒன்று, இன்னும் பட்டை பெல்ட்டில்தான் ஓடுகிறது. மூன்றுக்கும் கம்பெனி ஸ்பேர் என்று ஒன்று கிடையாது. அதனால் பெல்ட்டை அளவு சொல்லி வாங்கும் பழக்கம் தானாக வந்துவிட்டது.

அறுந்த பெல்ட்டில் எழுத்து அழியாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பி 71 என்றிருந்தால், பி என்பது பெல்ட்டின் குறுக்கு அளவு, 71 என்பது உள்சுற்று நீளம், அங்குலக் கணக்கில். சில கம்பெனிகள் பக்கத்திலேயே மில்லிமீட்டரிலும் போடுவார்கள். ஏ என்றால் மேல் அகலம் 13 மில்லி, கனம் 8. பி என்றால் 17, 11. சி என்றால் 22, 14. நம் ஊர் மெஷின்களில் பத்துக்கு ஒன்பது இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். இது நம் நாட்டில் ஐஎஸ் 2494 தரத்தில் வரும் அளவு. எந்தக் கம்பெனி செய்தாலும் பி என்றால் பிதான். மதுரையில் செய்கிற ஃபென்னரும் நாக்பூரில் செய்கிற பிக்ஸும் புல்லியின் ஒரே காடியில், அதாவது பள்ளத்தில், உட்காரும்.

எழுத்து அழிந்திருந்தால் பழைய பெல்ட்டின் அகலத்தை அப்படியே நம்பக் கூடாது. பக்கவாட்டில் தேய்ந்து தேய்ந்து 17 மில்லி 15 ஆகியிருக்கும். ஏவா பியா என்று கடைக்காரரே குழம்புவார். கனத்தையும் சேர்த்துப் பாருங்கள். 11 மில்லிக்குப் பக்கம் இருந்தால் பி. அகலம் 16 சொச்சம், கனம் 13 என்று வந்தால் அது எஸ்பிபி (SPB), குறுகலும் ஆழமுமான வேறு ஜாதி. அதன் நம்பர் அங்குலத்தில் வராது, மில்லிமீட்டரில் வரும். எஸ்பிபி 1850 என்றால் பெல்ட்டின் நடுக்கோட்டு நீளம் 1850 மில்லி. வெளிநாட்டிலிருந்து வந்த புல்வெட்டி, சின்னக் களையெடுக்கும் மெஷின்களில் 4எல் 550 என்கிற மாதிரி நம்பரும் பார்க்கலாம். அது 55 அங்குல வெளிச்சுற்று. ஏ 53 பெல்ட்டும் அதுவும் நீளத்தில் ஒன்றுதான், பலத்தில் இல்லை. 4எல் வகை லேசான வேலைக்கு. அதன் இடத்தில் ஏ போடலாம், ஏ இருந்த இடத்தில் அதைப் போட்டால் ஒரு சீசன் தாங்காது.

நீளத்துக்கும் பழைய பெல்ட்டை அளப்பது சரிவராது. அறுந்த பெல்ட் அறுவதற்கு முன் இழுத்து நீண்டிருக்கும், அதை அளந்து வாங்கினால் புதுசு தொளதொளவென்று இருக்கும். நான் புல்லியைத்தான் அளப்பேன். தையல்காரர் டேப் ஒன்றை இரண்டு புல்லியின் வெளி விளிம்பையும் சுற்றிப் பிடித்து அளந்தால் பெல்ட்டின் வெளிச்சுற்று கிடைத்துவிடும். அதிலிருந்து ஏ என்றால் 2 அங்குலம், பி என்றால் 3, சி என்றால் 4 கழித்தால் கடையில் கேட்க வேண்டிய நம்பர். டேப் சுற்ற வழியில்லாமல் தகரம் மறைத்தால் கணக்குப் போட வேண்டும். இரண்டு ஷாஃப்டின் நடுவுக்கும் நடுவுக்கும் உள்ள தூரத்தை இரண்டால் பெருக்குங்கள். இரண்டு புல்லியின் விட்டத்தையும் கூட்டி 1.57ஆல் பெருக்கி அதோடு சேருங்கள். என் தட்டு வெட்டும் கட்டரில் மோட்டார் புல்லி 4 அங்குலம், சக்கரப் புல்லி 12, நடுவே 24. ஆக 48உம் 25உம் 73 சொச்சம். புல்லிகள் பெரியதும் சின்னதுமாக இருப்பதால் இன்னும் அரை, முக்கால் அங்குலம் சேரும். 74 என்று வைத்துக்கொண்டு மூன்றைக் கழித்தால் பி 71.

அளப்பதற்கு முன்னால் மோட்டாரை, முன்னும் பின்னும் நகர்த்த இருக்கிற அதன் நீள்துளையில் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். கடைசிவரை வெளியே தள்ளி வைத்து அளந்தால், வாங்கி வந்த பெல்ட் இரண்டு நாளில் இளகும்போது இறுக்க இடம் இருக்காது. முழுக்க உள்ளே தள்ளி வைத்து அளந்தால் பெல்ட் ஏறவே ஏறாது. உள்பக்கமிருந்து கால் பங்கு வெளியே வைத்து அளப்பது தோது. கடையில் 71 இல்லை, 70உம் 72உம்தான் இருக்கிறது என்றால் எதை எடுப்பது என்பதையும் அந்த நீள்துளைதான் சொல்லும். இடம் இருந்தால் இரண்டும் ஓடும்.

இனிச் சொல்வதுதான் காசு மிச்சமாகும் இடம். வருஷத்துக்கு வருஷம் ஒரே இடத்தில் பெல்ட் போனால் குற்றம் பெல்ட்டில் இல்லை, புல்லியில். வி பெல்ட் காடியின் அடியில் உட்கார்ந்து இழுப்பதில்லை, இரண்டு பக்கச் சுவரையும் ஆப்பு மாதிரி கவ்வித்தான் இழுக்கிறது. சுவர் தேய்ந்து உள்வாங்கிவிட்டால் பெல்ட் கீழே இறங்கி அடியைத் தொடும். தொட்டதும் பிடி போயிற்று, வழுக்கும், சூடாகும், கருகும். காடியின் அடிப்பாகம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் புது பெல்ட் வாங்கக் காசை எடுக்காதீர்கள். நல்ல பெல்ட் உட்கார்ந்தால் அதன் மேல்பகுதி புல்லி விளிம்புக்குச் சமமாகவோ ஒரு நூல் மேலாகவோ நிற்க வேண்டும். நேரான தகட்டுத் துண்டைக் காடிச் சுவரில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு மில்லி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அந்தப் புல்லி முடிந்துவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் சோளம் அடிக்கிற மெஷினுக்குப் பெல்ட் மாற்றி மாற்றியே சலித்துவிட்டார். வழுக்குகிறது என்று இறுக்குவார். இறுக்கியதில் பேரிங் சூடாகி உடையும். பேரிங் மாற்றிவிட்டு மறுபடியும் பெல்ட். லேத் பட்டறை அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, பெல்ட்டுக்கும் பேரிங்குக்கும் குடுத்த காசுல ரெண்டு புல்லி வாங்கிருக்கலாம்" என்றார். வார்ப்பிரும்பு வி புல்லி கடையில் தயாராகவே கிடைக்கும். வெளிவிட்டம், செக்‌ஷன், எத்தனை காடி என்று மூன்றைச் சொன்னால் போதும். ஷாஃப்ட் அளவுக்குத் துளை போட்டு, சாவிக்காடி வெட்டித் தருவது லேத் வேலை. பழைய இரும்புக் கடையில் நல்ல புல்லி கிடைத்தால் இன்னும் மலிவு, காடியைச் சோதித்துவிட்டு எடுங்கள். விட்டத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஒரு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கதிரை அடிக்கிற டிரம்மின் வேகம் மாறும். வேகம் கூடினால் மணி உடையும், குறைந்தால் கதிரில் மணி தங்கும்.

டிரம்முக்கு மூன்று பெல்ட் பக்கம் பக்கமாக ஓடுகிற இடத்தில் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது நம்மவர்கள் வழக்கம். பழைய இரண்டும் இழுத்து நீண்டவை, புதுசு நீளாதது. முழுச் சுமையும் புதுசின் தலையில் விழும், அது போன பிறகு அடுத்ததை வாங்குவோம். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, நன்றாக இருக்கிற பழைய இரண்டைத் தனிப் பெல்ட் ஓடுகிற வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே லாட். பழைய சரக்கில் 49, 50, 51 என்று அளவுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு எண் அச்சாகியிருக்கும். 50 என்றால் சொன்ன நீளம், கூடினால் கொஞ்சம் நீளம், குறைந்தால் கொஞ்சம் குட்டை. மூன்றிலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் மலிவு பெல்ட் போடலாம் என்று நான் சொல்லவில்லை. பெல்ட்டின் முதுகில் ஒரு ஐட்லர் சக்கரம் அமுக்கி ஓடுகிற இடம் இருந்தால், அங்கே பெல்ட் முன்னும் பின்னுமாக வளைகிறது. சாதாரண பி அங்கே சீக்கிரம் வெடிக்கும். விவசாய மெஷினுக்கென்றே எச்பி (HB) என்று ஒரு வகை இருக்கிறது, அளவு பியேதான், உள்ளே இருக்கும் நூல் வேறு. விலை கூடுதல், அந்த இடத்துக்கு அதுதான் சிக்கனம். லீவரைத் தள்ளினால் பெல்ட் இறுகி ஓடும், விட்டால் இளகி நிற்கும் என்கிற கிளட்ச் மாதிரி அமைப்பில் பக்கத்தில் துணி சுற்றிய பெல்ட்தான் போட வேண்டும். பல் வெட்டிய, பக்கம் திறந்த பெல்ட் நல்ல பிடி கொடுக்கும் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். அந்தப் பிடிதான் இங்கே வம்பு, லீவரை விட்ட பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அகலமான வி பெல்ட், இரண்டு பக்கமும் வி வடிவம் உள்ள ஆறுமுனை பெல்ட் இவற்றிலெல்லாம் சமரசம் வேண்டாம். நடுக்காட்டில் நின்றால் ஒருநாள் வாடகைக்கு முன்னால் பெல்ட் விலை ஒன்றுமே இல்லை. அங்கேயும் ஊதி, சல்லடை, தூற்றும் பக்கம் ஓடுகிற சின்ன பெல்ட்டுகள் பல சாதாரண ஏ, பி வகையாக இருக்கும். அவற்றை அளந்து வாங்கலாம்.

எங்கே வாங்குவது? டிராக்டர் ஸ்பேர்ஸ் கடை கடைசி. முதலில் மில் ஸ்டோர்ஸ், பேரிங் கடைகள். மாவு மில், ரைஸ் மில், செக்கு, கம்ப்ரஸர் எல்லாம் ஓடுவது இதே பெல்ட்டில்தான், அதனால் அங்கே ஏ, பி, சி மூன்றும் வரிசையாகத் தொங்கும். எங்களுக்குத் திருச்சி கிட்டம். கோயம்புத்தூர்ப் பக்கம் போகிற வேலை இருந்தால் கிடைக்காத அளவு என்று ஒன்றும் இருக்காது, மில்லும் பம்புசெட்டும் செய்கிற ஊர். இணையத்தில் விலை ஒப்பிடலாம், வாங்குவதற்கு நான் கடையைத்தான் விரும்புவேன். கையில் எடுத்து உள்பக்கமாக மடக்கிப் பார்த்தால் வருஷக்கணக்காக வெயில்பட்டுத் தொங்கிய சரக்கில் மெல்லிய வெடிப்பு தெரியும். எழுத்து மங்கலாக, விரலால் தேய்த்தால் வருகிற மாதிரி இருந்தாலும், பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நல்ல கம்பெனி பெல்ட்டுக்கும் பெயர் தெரியாத பெல்ட்டுக்கும் விலை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். டிரம்முக்கு நல்லது, சல்லடைக்குச் சுமாரானது போதும் என்பது என் கணக்கு.

பட்டை பெல்ட்டைப் பற்றி யாரும் இப்போது பேசுவதில்லை, ஆனால் பழைய ஆயில் இன்ஜின் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறோம். புதுக் கேன்வாஸ் பெல்ட் அடிக்கணக்கில் வாங்கலாம். எங்கள் பக்கம் இதைவிட மலிவான வழி உண்டு. பெரம்பலூரைச் சுற்றிக் கல் குவாரி, கிரஷர். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள். அங்கே கழித்த கன்வேயர் பெல்ட் பழைய இரும்புக் கடைக்கு வரும். ஓரம் கிழிந்திருந்தாலும் நடுப்பகுதி நன்றாக இருக்கும். தேவையான அகலத்துக்கு நேர்கோடு போட்டு வெட்டி வாங்கிக்கொள்ளலாம். மெல்லிசாக, இரண்டு துணி அடுக்கு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். நான்கைந்து அடுக்கு உள்ள தடிமன் பெல்ட் பலமாகத் தெரியும், ஆனால் பம்பின் சின்னப் புல்லியில் வளைய மறுத்து வழுக்கும், இணைப்பும் பிய்ந்துகொள்ளும். கம்பியெல்லாம் வைத்த பெல்ட் நமக்கு ஆகாது. இணைப்புக்கு முதலைப் பல் மாதிரி இருக்கிற இரும்புப் பெல்ட் ஃபாஸ்னர் கிடைக்கிறது. இரண்டு நுனியையும் மட்டம் வைத்துச் சரியாகச் செங்குத்தாக வெட்ட வேண்டும். ஒரு பக்கம் கோணினால் பெல்ட் புல்லியைவிட்டு நடந்துபோய் விழும். பட்டைப் புல்லியின் நடுவில் லேசான மேடு இருக்கும், பெல்ட்டை நடுவில் நிறுத்துவது அந்த மேடுதான். தேய்ந்திருக்கிறது என்று அதை லேத்தில் கொடுத்துச் சமமாக்கிவிடாதீர்கள்.

மாட்டும்போது நடக்கிற அநியாயம் கொஞ்சமில்லை. கடப்பாரையை விட்டு நெம்பி ஏற்றுவார்கள். வெளியே பார்த்தால் பெல்ட் பத்திரமாக இருக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும். ஓட ஆரம்பித்ததும் பெல்ட் காடிக்குள்ளேயே புரண்டுகொள்ளும், கடைக்காரர்மேல் பழி விழும். மோட்டார் போல்ட்டை இளக்கி முன்னே தள்ளி, கையால் ஏற்ற வேண்டும். பிறகு நூல் பிடித்து இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நூல் நான்கு இடத்திலும் புல்லி விளிம்பைத் தொட வேண்டும். இறுக்கத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, புல்லிக்கும் புல்லிக்கும் நடுவே பெல்ட் ஓடும் தூரம் ஒரு மீட்டர் என்றால் நடுவில் அமுக்கினால் 16 மில்லி இறங்கலாம். என் கட்டரில் இரண்டு அடி, ஆகவே 10 மில்லிக்குள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி மறுபடியும் பார்த்து இறுக்கினால் அந்த சீசனுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வழுக்குகிறது என்று குங்கிலியத் தூள் போடுவது பட்டை பெல்ட் காலத்துப் பழக்கம். வி பெல்ட்டில் அது ரப்பரைப் பிசுபிசுப்பாக்கி உரித்துவிடும்.

மாட்டி முடித்ததும் தகர மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள். கதிரடிக்கும் மெஷினில் கை போனவர்கள் அதிகமானதால்தான் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் என்று ஒன்று வந்தது. மூடி இல்லாமல் ஓட்டுகிற மெஷின்தான் இன்றும் எங்கள் பக்கம் அதிகம். சேலை, துண்டு இரண்டும் பெல்ட்டுக்கு ஒன்றுதான்.

சில மெஷினில் பெல்ட் இரண்டு பேரிங்குக்கு நடுவே ஓடும். மாற்ற வேண்டுமென்றால் பேரிங் பிளாக்கையே கழற்ற வேண்டும். அப்படி ஒருமுறை கழற்றினால் இரண்டு பெல்ட்டாகப் போட்டுவிடுவேன். ஒன்று புல்லியில், மற்றது ஷாஃப்டைச் சுற்றி, சுழலும் எதையும் தொடாதபடி சட்டத்தோடு சேர்த்து உறுதியாகக் கட்டி வைப்பது. ஓடுகிறது அறுந்தால் கட்டை அவிழ்த்துப் புல்லியில் ஏற்றினால் போதும், பேரிங்கைத் தொட வேண்டியதில்லை. மற்ற ஸ்பேர் பெல்ட்டை ஆணியில் தொங்கவிட்டால் தொங்கிய இடத்தில் வளைவு விழுந்துவிடும். நான் வட்டமாகச் சுருட்டி, மூடியுள்ள டின்னில் போட்டு வீட்டுக்குள் வைக்கிறேன். மாட்டுக் கொட்டகையில் வைத்தால் எலிக்கு முதலில் பிடிப்பது அதுதான்.

வாங்குவது ஐப்பசி, கார்த்திகையில். தையில் எல்லா மெஷினும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்த பிறகு பி 71 கேட்டால், இருக்கிறதைக் கொண்டு ஒப்பேற்றச் சொல்வார்கள். மெஷினின் உடம்பில் ஒவ்வொரு புல்லிக்கும் பக்கத்தில் எனாமல் பெயிண்டால் அந்தந்த நம்பரை எழுதி வைத்திருக்கிறேன். டிரம் சி 96, மூன்று. ஊதி பி 58. சல்லடை ஏ 44. நான் ஊரில் இல்லாவிட்டாலும் டிரைவர் தம்பி கடைக்குப் போன் போட்டு நம்பரைச் சொல்லி, பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லிவிடுவான். கடைக்காரரும் என்ன மெஷின் என்று கேட்பதில்லை.